ஐந்தாம் எண்

செவ்வாய்ப்பேட்டையில் இது நாலாவது கடை.
ஐப்பசி. நனைந்த கோணியாய்க் கனக்கிறது சேலம்.
துறை கொடுத்த பூட்ஸ் எட்டாம் எண்,
முனையில் பஞ்சடைத்து ஒரு மழைக்காலம் ஓட்டினேன்.
பஞ்சு தண்ணீர் குடிக்கும்,
பிறகு செத்த கோழிக்குஞ்சுபோல
விரல்களுக்கு முன்னால் கிடக்கும் விடியும்வரை.

"எதுக்கு மேடம், தோட்ட வேலைக்கா?"
"வேட்டைக்கு."
சிரித்தார் மாதேஸ்வரன்.
பாதிதான் பொய்.

தோல் வேண்டாம்.
ஊறினால் காய இரண்டு நாள் கேட்கும்,
அடுப்போரம் வைத்தால் வெடிக்கும்.
முழங்கால்வரை ஏறும் கம்பூட்டு
ஓடையில் இறங்க உத்தமம்,
ஏற்றத்திலோ குதிகால் உள்ளே தனியாக நடக்கும்.
சளப், சளப்.
முயலுக்குக் கேட்கும்.
முயலுக்குக் காத்திருப்பவனுக்கு அதற்கு முன்பே கேட்கும்.
உள்ளே கம்பளி ஒட்டியது கதகதப்புதான்,
ஒருமுறை நனைந்தால் தை வரை நாறும்.
பாசிப்பாறைக்கு அடியில் ஆழமான பல் வேண்டும்;
ஆழமான பல்லில் செம்மண் அப்பிக்கொண்டு
கால் ஒன்றுக்கு அரைக்கிலோ கூடும்.

கடைசியில் ஒன்றை எடுத்து
உள்ளே நேற்றைய பேப்பரைத் திணித்து
வாளித் தண்ணீரில் கணுக்கால் மட்டும் அமுக்கிப் பிடித்தார்.
ஒரு டீ குடித்து முடித்தோம்.
பேப்பரை விரித்தால்
மின்தடை அறிவிப்பில் ஓர் எழுத்தும் கலையவில்லை,
அஸ்தம்பட்டி, கோரிமேடு, காலை ஒன்பது முதல்.

"அஞ்சாம் நம்பர்ல ரெண்டே ஜோடிதான் வந்துச்சு.
ஒண்ணு போன வாரமே போயிடுச்சு."
யாருக்கு?
"மலைக்காரங்க மாதிரி. பேரமே பேசல.
அத்தனையும் பத்து ரூபா தாளு."
ஆணா பெண்ணா என்று அப்போது நான் கேட்கவில்லை.
கட்டைவிரலுக்கு முன்னால்
ஒரு விரற்கடை இடம் இருக்கிறதா என்றே
அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாகலூர் தாண்டிக் காப்பித் தோட்டம் முடிகிற இடம்.
சில்வர் ஓக்கில் சுற்றிய மிளகுக்கொடியிலிருந்து
மழை விட்ட பிறகும் மழை.
கைவிளக்கின் வெளிச்சத்தைப் பனி
பத்தடியில் நிறுத்திவிடுகிறது.
மணி இரண்டு. காது, மூக்கு, விரல்நுனி எல்லாம் வேறு யாருடையவோ.
கால் மட்டும் என்னுடையது, காய்ந்து, சூடாக.
ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு
அந்த ஒரு சந்தோஷம்.

முன்னால் போன வெள்ளியன் நின்றான்.
"அக்கா, இந்தப் பக்கம் ஏற்கெனவே வந்தீங்களா?"

சேற்றில் என் தடம்.
குறுக்கே ஏழு பல், குதியில் வட்டம்,
வட்டத்துக்குள் கம்பெனியின் அரைகுறை நட்சத்திரம்.
வழிதவறிச் சுற்றி வந்து
என்னையே பின்தொடர்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.
ஆனால் இந்த ஆள் இடதுகாலைச் சற்று இழுக்கிறார்,
புதர் வந்தால் ஒதுங்காமல் குனிகிறார்,
நான் நிற்கத் தோன்றும் இடங்களில் நின்றிருக்கிறார்.

எட்டடி தள்ளி, கொடிவேலிச் சந்தில்
சைக்கிள் பிரேக் கம்பியில் ஒரு முயல்.
கையுறையைக் கழற்றித் தொட்டேன்.
வயிறு இன்னும் என் காலளவுக்குச் சூடு.
கம்பியைச் சுருட்டிப் பையில் போட்டேன்,
எண் எழுதி, நேரம் எழுதி.
பேனா நடுங்கியது, குளிர்.

"அளவு எடுக்கவா அக்கா?" டேப்பை இழுத்தான் வெள்ளியன்.
நான் அந்தத் தடத்தில் என் காலை வைத்தேன்.
விளிம்போடு விளிம்பு.
ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லை.

இந்த மழையில், இந்த மலையில்,
எங்கேயோ இன்னொரு ஜோடிக் கால்
காய்ந்திருக்கிறது.
என்ன விலைக்கு, எத்தனை முயலுக்கு,
எந்த வீட்டில் எண்ணிச் சேர்த்த பத்து ரூபாய்கள்.

"எடுங்க அக்கா, போட்டோ பிடிக்கணும்."
எடுத்தேன்.
தடத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.